ஜெபத்தில் அமர்ந்தவுடன் தொடங்கும் வழக்கு: எண்ணங்களை என்ன செய்வது?

கொருக்குப்பேட்டை வாசகன் | மே 5, இரவு 10.40

அனைவருக்கும் ஸ்தோத்திரம். பல நாட்களாக எழுதத் தயங்கிய ஒன்றை இன்று எழுதுகிறேன். எனக்கு வயது 46. ஞாயிறு ஆராதனையைத் தவறவிட்டதில்லை. இரவில் குடும்ப ஜெபமும் எங்கள் வீட்டில் நின்றதில்லை. ஆனால் மூன்று ஆண்டுகளாக, கண்ணை மூடினால் என் அண்ணனுடைய முகம்தான் வந்து நிற்கிறது.

தண்டையார்பேட்டையில் அப்பா கட்டிய வீட்டை விற்பதற்கு, அப்பா இறந்த மறு ஆண்டே, என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் அண்ணன் முன்பணம் வாங்கிவிட்டார். விற்பனை நின்றுபோனது, எங்கள் பேச்சும் அத்தோடு நின்றுபோனது. யார் செய்தது சரி என்று தீர்ப்புக் கேட்க நான் இங்கே வரவில்லை. என் மனதுக்குள் நடக்கும் விசாரணையைப் பற்றித்தான் கேட்கிறேன்.

காலையில் வேலைக்குப் போகும்போது கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பெரும்பாலும் மூடியிருக்கும். வண்டியை அணைத்துவிட்டு, ஹெல்மெட்டுக்குள்ளேயே அண்ணனிடம் பேசத் தொடங்குவேன். நான் ஒன்று சொல்வேன், அவர் ஒன்று சொல்வார். அவர் சொல்லாததையும் அவருக்காக நானே சொல்லி, அதற்கு இன்னும் கூர்மையான மறுமொழியைத் தேடுவேன். சரக்கு ரயில் கடந்து, கேட் திறந்து, பின்னால் இருப்பவர் ஹாரன் அடிக்கும்போதுதான் இவ்வளவு நேரமும் பற்களைக் கடித்துக்கொண்டிருந்தது தெரியவரும். இரவில் ஜெபத்துக்கு அமர்ந்தால் அதே பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. சென்ற திருவிருந்து ஞாயிறன்று அப்பத்தைக் கையில் வாங்கிய நேரத்தில் அண்ணனுக்குச் சொல்ல ஒரு நல்ல பதில் கிடைத்தது. அந்தக் கணத்தில் அது எனக்கு மகிழ்ச்சியாகவும் இருந்தது. அந்த மகிழ்ச்சிதான் என்னைப் பயமுறுத்தி எழுத வைத்தது.

மன்னித்துவிடுங்கள் என்கிறார் போதகர். மன்னித்தேன் என்று தேவசமுகத்தில் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். வாய் கீழ்ப்படிகிறது, எண்ணம் கீழ்ப்படியவில்லை. எண்ணங்களைக் கையாளுவதற்கு நம் விசுவாசத்தில் பயிற்சி என்று ஏதாவது உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


வியாசர்பாடி விசுவாசி | மே 5, இரவு 11.15

சகோதரரே, வேதம் தெளிவாகச் சொல்கிறது: எந்த எண்ணத்தையும் கிறிஸ்துவுக்குக் கீழ்ப்படியச் சிறைப்படுத்த வேண்டும் (2 கொரிந்தியர் 10:5). அண்ணனுடைய முகத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிறவன் சத்துரு. அது வாசலில் வரும்போதே இயேசுவின் நாமத்தில் கடிந்துகொள்ளுங்கள். வாய்விட்டுச் சொல்லுங்கள். குடியை விட்ட புதிதில், மதுக்கடை இருக்கும் தெருவைக் கடக்கும் ஒவ்வொரு முறையும், "இன்று ஒரு நாள் மட்டும்" என்று ஓர் எண்ணம் என் காதருகே பேசுவதுபோல் வரும். ஒரு வசனத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே அந்தத் தெருவைக் கடப்பேன். இன்றைக்குப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன.


ராயபுரம் ஆசிரியை | மே 6, காலை 6.20

தம்பி, நான் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவள். பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவள். நீங்கள் கேட்ட பயிற்சிக்கு ஏறத்தாழ 1600 ஆண்டு வரலாறு உண்டு. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த துறவிகளுக்கு உங்களைப் போல ரயில்வே கேட்டும் இல்லை, வீட்டுப் பத்திரமும் இல்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு சிற்றறையில் அமர்ந்த பிறகுதான், விடமுடியாதது எண்ணம் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். அவர்களில் எவாக்ரியஸ் என்பவர் (399இல் இறந்தார்) அந்த எண்ணங்களை எட்டு வகையாகப் பிரித்து எழுதிவைத்தார்: பெருந்தீனி, காமம், பொருளாசை, துயரம், சினம், சோர்வு, வீண்புகழ்ச்சி, செருக்கு. இரு நூற்றாண்டுகளுக்குப் பிறகு திருத்தந்தை பெரிய கிரகோரியார் இந்தப் பட்டியலை ஏழாக மாற்றியமைத்தார். ஞானோபதேச வகுப்பில் நாங்கள் மனப்பாடம் செய்த தலையான பாவங்கள் ஏழும் அவ்வாறு வந்தவையே.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். எவாக்ரியஸ் எழுதியபோது அவை பாவங்களின் பட்டியல் அல்ல, எண்ணங்களின் பட்டியல். எண்ணம் வந்து தொல்லை கொடுப்பதும் கொடுக்காததும் நம் கையில் இல்லை, அது நம்மிடம் தங்குவதும் தங்காததும் நம் கையில் இருக்கிறது என்பது அவருடைய அடிப்படைப் பாடம். பட்டியல் பாவங்களின் பட்டியலாகக் கைமாறியபோது இந்த வேறுபாடு பொதுமக்களிடையே மங்கிவிட்டது என்பது என் வருத்தம். "தவறான எண்ணம் வந்துவிட்டது" என்று அழுதுகொண்டு வந்த எத்தனையோ பிள்ளைகளை நான் வகுப்பறையில் பார்த்திருக்கிறேன். (அவருடைய இறையியல் கருத்துகள் சில பின்னாளில் திருச்சபையால் கண்டிக்கப்பட்டன என்பதையும் சொல்லிவிடுகிறேன். எண்ணங்களைப் பற்றிய அவருடைய பாடமோ, யோவான் காசியன் என்ற துறவி வழியாக மேற்கத்திய மடங்கள் எல்லாவற்றுக்கும் சென்று நிலைபெற்றது.)

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ஏனென்றால் சினத்தைப் பற்றி அவர் சொல்வதும் இதுவே: மனத்தாங்கல் நாள் முழுதும் உள்ளத்தை உறுத்தும், ஆனால் செபவேளையில்தான் மனதை முழுமையாகப் பற்றிக்கொண்டு, நம்மைப் புண்படுத்தியவரின் முகத்தைக் கண்ணெதிரே கொண்டுவந்து நிறுத்தும். ஆகவே உங்களுக்கு நேர்வது உங்கள் விசுவாசக் குறைவின் அடையாளம் அல்ல.

வியாசர்பாடி சகோதரர் சொன்னதும் இதே மரபில் உண்டு. பாலைநிலத்தில் ஆண்டவர் சோதிக்கப்பட்டபோது மூன்று முறையும் இறைவாக்கைக் கொண்டே பதில் சொன்னார் அல்லவா? அதைப் பின்பற்றி, எட்டு வகை எண்ணங்களுக்கும் பதிலாகச் சொல்லத்தக்க இறைவாக்குகளை எவாக்ரியஸ் தொகுத்து வைத்தார். ஆனால் பதில் சொல்வதற்கு முன்னால் அவர் இன்னொன்றைச் செய்யச் சொல்கிறார்: கவனித்தல். எந்த எண்ணம் எப்போது எழுகிறது, எப்போது தணிகிறது, எதன் பின்னால் எது வருகிறது என்று பார்த்து, அதன் காரணத்தைக் கிறிஸ்துவிடமே கேட்கச் சொல்கிறார். ஒரு வாரம் ஒரு சிறிய குறிப்பேட்டை வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு தொடங்குவதற்குச் சற்று முன்னால் மனதில் என்ன இருந்தது என்பதை மட்டும் எழுதுங்கள். அண்ணனைப் பற்றி ஒரு வரியும் எழுத வேண்டாம்.


காசிமேடு படகுக்காரன் | மே 6, பகல் 2.05

எங்களுக்கு இப்போது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. கடலில் இருக்கும்போது எனக்கு எந்த எண்ணமும் இல்லை; வேலை இழுத்துக்கொள்ளும். கரையில் உட்கார்ந்தால் கடன், மகளின் படிப்பு, போன ஆண்டு படகைவிட்டுப் போன ஆள், எல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன. மணி பதினொன்று என்று பார்த்தால், வெகுநேரம் கழித்துப் பார்க்கும்போதும் பதினொன்றரைதான் ஆகியிருக்கிறது. இந்தத் தொழிலே வேண்டாம், இந்த ஊரே வேண்டாம் என்று தோன்றுகிறது. ஆசிரியை அம்மா, இது அந்த எட்டில் எது?


ராயபுரம் ஆசிரியை | மே 6, மாலை 5.30

ஆறாவது, தம்பி. சோர்வு. வெறும் களைப்பு அல்ல. இருக்கும் இடமும் செய்யும் வேலையும் கசந்துபோகும் சோர்வு. 91ஆம் திருப்பாடலில் நண்பகலில் தாக்கும் கேடு என்று வருகிறதே, அதுதான் இது என்று அந்தத் துறவிகள் புரிந்துகொண்டார்கள். இந்த எண்ணம் பிடித்தவனுக்குச் சூரியன் நகராததுபோலவும் ஒரு பகலுக்கு ஐம்பது மணி நேரம் இருப்பதுபோலவும் தோன்றும், அவன் அடிக்கடி சன்னல் பக்கம் பார்ப்பான், யாராவது வருகிறார்களா என்று வெளியே எட்டிப்பார்ப்பான் என்று எவாக்ரியஸ் எழுதுகிறார். உங்கள் பதினொன்றரை மணியை அவர் பார்த்திருக்கிறார். அவர் சொல்லும் மருந்து அந்த இடத்தைவிட்டு எழுந்து ஓடாமல் இருப்பது. கையில் வேலை ஏதாவது இருக்கிறதா?


காசிமேடு படகுக்காரன் | மே 6, இரவு 9.10

வலை சீர்செய்கிறேன் அம்மா. கிழிந்த கண்ணிகளை ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டு மூட வேண்டும். என் தகப்பனார் வலையில் அமர்ந்தால் உதடு அசைந்துகொண்டே இருக்கும். பாட்டு என்று நினைத்திருந்தேன். "ஆண்டவரே இரக்கமாயிரும்" என்று முடிச்சுக்கு ஒரு முறை சொல்லிக்கொண்டிருந்தார் என்பதைப் பெரியவனான பிறகுதான் அறிந்தேன். நாளை முதல் நானும் அப்படிச் செய்து பார்க்கிறேன்.


ராயபுரம் ஆசிரியை | மே 6, இரவு 9.40

உங்கள் தகப்பனாருக்கு அதை யார் கற்றுக்கொடுத்தார்களோ, எனக்குத் தெரியவில்லை. யோவான் காசியன் எழுதியதும் இதுவே. விரைந்து வந்து துணை செய்யும்படி கடவுளிடம் கேட்கும் 70ஆம் திருப்பாடலின் முதல் அடியை வேலையிலும் நடையிலும் படுக்கையிலும் விடாமல் சொல்லச் சொல்கிறார். மனம் ஏதாவது ஒன்றை அரைத்துக்கொண்டுதான் இருக்கும். எதை அரைக்கத் தருகிறோம் என்பது மட்டும் நம் பொறுப்பு.


பெயர் வேண்டாம் | மே 8, இரவு 1.50

நான் கல்லூரியில் படிக்கிறேன். வயது 19. இதை யாரிடமும் சொன்னதில்லை. ஜெபிக்கும்போது ஆண்டவரைப் பற்றி மிக மோசமான வார்த்தைகள் என் மனதில் வருகின்றன. நான் அவற்றை விரும்பவில்லை. வந்தவுடன் உடல் நடுங்குகிறது. மேலே வியாசர்பாடி அண்ணன் சொன்னதுபோல் கடிந்துகொள்கிறேன். ஒரு முறை சொன்னால் சரியாகச் சொல்லவில்லையோ என்று தோன்றும், மறுபடி சொல்வேன். நேற்று நாற்பது முறைக்கு மேல் சொன்னேன். சொல்லச் சொல்ல அதிகமாகிறது. மன்னிக்கப்படாத பாவம் என்று வேதத்தில் இருக்கிறதே, நான் அதைச் செய்துவிட்டேனா?


இரவுப்பணி செவிலியர் | மே 8, அதிகாலை 4.30

தம்பியோ தங்கையோ, முதலில் இதைக் கேளுங்கள். அந்த வார்த்தைகளை நீங்கள் வெறுக்கிறீர்கள், அவை உங்களை நடுங்க வைக்கின்றன. தேவனைத் தூஷிக்க மனதார முடிவுசெய்தவர் இரவு இரண்டு மணிக்கு விழித்திருந்து இப்படிக் கேட்கமாட்டார்.

நான் மனநலப் பிரிவில் பணிபுரிகிறேன். விரும்பாத எண்ணம் திரும்பத் திரும்ப வருவதும், அந்த அச்சத்தைத் தணிக்க ஒரே செயலையோ ஜெபத்தையோ எண்ணிக்கை வைத்துச் செய்வதும், செய்தும் நிம்மதி இல்லாமல் போவதும் ஓ.சி.டி. என்னும் எண்ணச் சுழற்சி நோயின் வடிவங்களில் ஒன்றாக இருக்கலாம். பக்தி மிகுந்தவர்களிடம் அது பெரும்பாலும் பக்தியைத்தான் பிடித்துக்கொள்கிறது. உங்களுக்கு அதுதான் என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அதற்குச் சிகிச்சை உண்டு, பலருக்கு நன்றாகப் பலன் தருகிறது என்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எண்ணத்தை நினைக்கவே கூடாது என்று அடக்கினால் அது பெருகும். 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் மாணவர்களிடம் ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காமல் இருக்கச் சொன்னார். நினைவு வந்தால் மணி அடிக்க வேண்டும். அவர்களால் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அதன் பிறகு நினைக்கலாம் என்று அனுமதி கொடுத்தபோது, தொடக்கத்திலிருந்தே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட இவர்களுக்கு அந்தக் கரடி அதிகமாக வந்தது. நீங்கள் நாற்பது முறை விரட்டியதும் இப்படித்தான்.

விசுவாச வீரர் ஒருவரைப் பற்றியும் சொல்கிறேன். நம் வீடுகளில் மோட்சப் பயணக் கதையின் ஆசிரியராக அறியப்படும் ஜான் பனியன் (1628–1688), "கிறிஸ்துவை விற்றுவிடு" என்ற எண்ணம் தன்னை இரவும் பகலும் துரத்தியதையும், ஆயிரம் உலகங்களுக்கும் விற்கமாட்டேன் என்று தான் ஓயாமல் மறுத்துக்கொண்டிருந்ததையும், மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டதாக நெடுங்காலம் கலங்கியதையும் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அவரைத் தேவன் கைவிடவில்லை.

இன்றைக்கு நீங்கள் செய்ய வேண்டியவை இரண்டு. வார்த்தை வரும்போது கடிந்துகொள்ள வேண்டாம், எண்ணிக்கை வைக்க வேண்டாம். தெருவில் லாரி போவதுபோல் போகவிட்டு, ஜெபத்தில் நிறுத்திய சொல்லிலிருந்து தொடருங்கள். அடுத்து, 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்னும் மனநல உதவிச் சேவையை அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். வீட்டில் நம்பிக்கைக்குரிய ஒருவரிடமும் சொல்லுங்கள்.


வியாசர்பாடி விசுவாசி | மே 8, காலை 7.00

தம்பி, நான் எழுதியது உங்களை இன்னும் வருத்திவிட்டது என்றால் என்னை மன்னிக்க வேண்டும். எனக்கு வந்த எண்ணம் என்னை ஒரு கடைக்குள் இழுத்த எண்ணம். அதற்கு உரத்த பதில் தேவைப்பட்டது. உங்களுக்கு வருவது வேறு என்று சகோதரி எழுதியதைப் படித்த பிறகு விளங்குகிறது. எல்லா எண்ணத்துக்கும் ஒரே மருந்து என்று எழுதியது என் தவறு. நீங்கள் நாற்பது முறை சொல்ல வேண்டாம். உங்களுக்காக நான் ஜெபிக்கிறேன், அந்தப் பாரத்தை என்னிடம் விட்டுவிடுங்கள்.


கொருக்குப்பேட்டை வாசகன் | மே 14, இரவு 10.15

ஆசிரியை அம்மா சொன்னபடி ஒரு வாரம் எழுதினேன். ஒன்பது குறிப்புகள் இருக்கின்றன. அவற்றில் ஏழில், வழக்கு தொடங்குவதற்கு முன் மனதில் இருந்தவர் அண்ணன் அல்ல, அப்பா. ஒன்றை அப்படியே தருகிறேன்: "செவ்வாய், காலை 8.10. கேட் மூடியிருந்தது. பக்கத்துக் கடையில் புதிதாகப் பெயின்ட் அடித்த வாசம். கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் அப்பா எங்கள் வாசல் இரும்புக் கதவுக்கு நீல பெயின்ட் அடிப்பது நினைவுக்கு வந்தது. விரலிடுக்கில் ஒட்டிய நீலத்தை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டே எங்களை அழைப்பார். உடனே வழக்கு."

மூன்று ஆண்டுகளாகக் கோபம் என்று நினைத்து ஜெபித்துக்கொண்டிருந்தேன். அப்பா இறந்தபோது நான் சரியாக அழக்கூட இல்லை. அடக்கச் செலவையும் ஆட்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.


ராயபுரம் ஆசிரியை | மே 15, காலை 6.45

தம்பி, துயரத்தைப் பற்றிய பகுதியில் எவாக்ரியஸ் எழுதுவதைச் சொல்கிறேன். சில எண்ணங்கள் முதலில் வந்து வீட்டையும் பெற்றோரையும் பழைய வாழ்க்கையையும் நினைவூட்டும். உள்ளம் மறுக்காமல் அவற்றின் பின்னால் மகிழ்ச்சியோடு போகும். அவை இனி இல்லை என்பது உறைக்கும்போது அதே உள்ளத்தைப் பிடித்துத் துயரத்தில் ஆழ்த்தும். உங்கள் குறிப்பேட்டில் துயரம் அங்கே நிற்கவில்லை, சினத்தின் வாசலைத் தட்டியிருக்கிறது. அழுவதைவிட வழக்காடுவது எளிது என்று உங்கள் மனம் கண்டுகொண்டிருக்கலாம். ஆகவே இனி பெயின்ட் வாசம் வரும்போது அண்ணனிடம் பேசாமல், அப்பாவை இழந்ததைப் பற்றி ஆண்டவரிடம் பேசுங்கள். திருப்பாடல்களில் புலம்பல்கள் இவ்வளவு இருப்பது அதற்காகத்தான்.

சினத்துக்கு அவர் இன்னொரு மருந்தும் சொல்கிறார், அது செபமே அல்ல. அன்பளிப்பு மனத்தாங்கலை அணைக்கும் என்கிறார். 400 பேரோடு எதிரே வந்த அண்ணன் ஏசாவுக்கு யாக்கோபு ஆட்டுமந்தைகளை முன்னே அனுப்பியதை எடுத்துக்காட்டிவிட்டு, நம்மைப் போன்ற ஏழைகள் விருந்திட்டு அந்தக் குறையை ஈடுசெய்யலாம் என்கிறார். சொத்தில் உங்கள் பங்கை விட்டுக்கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அது நியாயத்தின் காரியம், அதை அதற்குரிய இடத்தில் பேசிக்கொள்ளுங்கள். ஒரு வேளைச் சாப்பாடு வேறு காரியம்.


பெயர் வேண்டாம் | மே 23, மாலை 6.05

14416க்கு அழைத்தேன். பிறகு அம்மாவிடம் சொன்னேன். அம்மா திட்டவில்லை. நேற்று அரசு மருத்துவமனையில் மருத்துவரைப் பார்த்தோம். வாரம் ஒரு முறை வரச் சொல்லியிருக்கிறார். வார்த்தைகள் இன்னும் வருகின்றன. நேற்று இரவு ஒரு முறைதான் ஜெபித்தேன், திரும்பச் சொல்லாமல் படுத்துவிட்டேன். மிகவும் பயமாக இருந்தது. தூங்கிவிட்டேன்.


கொருக்குப்பேட்டை வாசகன் | ஜூன் 8, இரவு 10.50

நேற்று ஞாயிறு. ஆராதனை முடிந்து காசிமேட்டுக்குப் போனேன். விசைப்படகுகள் எல்லாம் கட்டிக்கிடந்தாலும் சிறு படகுகளில் வந்த சங்கரா இருந்தது. அப்பா செய்வதுபோல் மாங்காய் போட்டு மனைவி குழம்பு வைத்தார். கேரியரில் எடுத்துக்கொண்டு மாதவரத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனேன். வழி நெடுக வழக்கு நடந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. மூலக்கடை சிக்னலில் திரும்பிவிடலாமா என்றும் நினைத்தேன்.

அண்ணி கதவைத் திறந்தார். அண்ணன் உள்ளேயிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். தலை முழுவதும் நரைத்துவிட்டது. அப்போதுதான் உறைத்தது: இத்தனை நாட்களாக என் ஜெபத்தில் வந்து நின்றது மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய முகம். நான் வழக்காடிக்கொண்டிருந்த ஆள் அந்த வீட்டில் இல்லை. ஏசாவின் முகத்தைக் கண்டது தேவனுடைய முகத்தைக் கண்டதுபோல் இருக்கிறது என்று யாக்கோபு சொன்னதை முந்தின இரவு வாசித்துவிட்டுப் போயிருந்தேன். எனக்கு அப்படி எதுவும் தோன்றவில்லை. வயதான ஒரு மனிதரின் முகம், அப்பாவின் தாடையோடு.

வீட்டைப் பற்றி இருவரும் பேசவில்லை. மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, "மாங்காய் போட்டிருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். பாத்திரத்தை வெறுமையாகக் கொடுக்கக்கூடாது என்று அண்ணி கேரியரைக் கழுவி, கீழ்த்தட்டில் சர்க்கரை போட்டுக் கொடுத்தார். வாசல்வரை வந்தவர், அண்ணனுக்கு ஆறு மாதமாக முழங்கால் வலி, மாடி ஏற முடியவில்லை என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

இன்று காலை கேட்டில் நின்றபோது வழக்கு மறுபடியும் தொடங்கியது. சற்று முன்பு, குடும்ப ஜெபத்தில், அந்த முழங்காலுக்காக வேண்டிக்கொண்டேன். வேண்டிக்கொண்டிருக்கும்போதே முன்பணம் வாங்கிய நாள் நினைவுக்கு வந்தது. இது சினம் என்று அதன் பெயரைச் சொல்லிவிட்டு, மறுபடியும் முழங்காலுக்கு வந்தேன். நான்கு முறை அப்படி வந்தேன்.